பிள்ளைக்குப் பத்தடி வானம்

கொல்லம் 1106-ஆம் ஆண்டு இடவப்பாதி மழையில், அயனிக்கோட்டுவிளை மிஷன் பள்ளிக்கூடத்தின் இன்னும் கட்டாத நாலாம் வகுப்பறைக்குள் மட்டும் மழை பெய்யவில்லை. இங்கிலீஷ் கணக்குக்கு அது 1931. அந்த வாரம் புதுக்கடைச் சந்தையில் நூறு தேங்காய் இரண்டு ரூபாய்க்கு இறங்கியிருந்தது. ஊரார் இரண்டு சேதியையும் ஒரே மூச்சில் பேசினார்கள்; தேங்காய் விலையைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்கள். வகுப்பறை என்று அங்கே இருந்தது நாலு சுண்ணாம்புக் கோடுகள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர், அந்தப் பக்கம் புழுதி. புழுதியில் ஒரு கோழி கால் பரத்திக் குளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் ராகேல் டீச்சர், தான் காண்பது கண் மயக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். கோழிகள் பொய் சொல்வதில்லை.

நாலாம் வகுப்பு அதுவரை நாலு வருடமாக ஒரு அயனி மரத்தடியில் நடந்தது. வெயிலுக்கு நிழல் உண்டு, மழைக்கு விடுமுறை உண்டு, பழக்காலத்தில் தலையில் பழம் விழுவதும் உண்டு. அந்தத் தை மாதம் சர்க்காரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆடி கடைசிக்குள் இன்ஸ்பெக்டர் வருவார். வகுப்புக்குத் தனி அறை தேவை என்று அவர் எழுதிக் கொடுத்தால் பாதிச் செலவு சர்க்காருடையது, மறு பாதியை ஊர் திரட்ட வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் நாலாம் வகுப்பு ரத்து. ரத்து என்றால் பிள்ளைகள் கருங்கல் பள்ளிக்கூடம் வரைக்கும் நடக்க வேண்டும், நடுவில் மழைக்குப் பெருகும் இரண்டு தோடுகளைக் கடந்து. ராகேலிடம் இருந்தது பதினேழு பிள்ளைகள், அதில் ஒன்பது பெண்கள். அந்த ஒன்பதும் மறுநாளே கயிறு திரிக்கப் போய்விடும், பிறகு கல்யாணப் பந்தலில்தான் எழும்பும் என்பது அவருக்குத் தெரியும். அவரும் அப்படிப் போகவேண்டிய ஒருத்தியாக இருந்து, ஒரு மழைக்காலத்தில் கயிறு வேலை நின்றுபோன தயவில் தப்பியவர்தான்.

அறைக்கு அளவு குறித்தவரும் ராகேல்தான். பிள்ளை ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். எதற்கும் இருக்கட்டும் என்று இருபத்துநாலு பிள்ளைக்குக் கணக்குப் போட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் 'நீளம் 20, அகலம் 12' என்று எழுதி சிலுவை கொத்தனாரிடம் கொடுத்தார். அடி என்று எழுதவில்லை. அடி படித்தவர்களுக்கு அடியைத் தவிர வேறு அளவு உண்டென்று தோன்றாது. சிலுவை கொத்தனாருக்கோ முழக்கோலைத் தவிர வேறு அளவே கிடையாது. கோல் ஒன்றுக்கு இருபத்தெட்டு அங்குலம். அவர் இருபது கோல் நீளமும் பன்னிரண்டு கோல் அகலமும் அளந்து, நாலு மூலையிலும் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்பு தூவி முடித்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார். தலைமையாசிரியர் தங்கையன் சார் வந்து பார்த்தார். ஒரு வகுப்பு கேட்ட இடத்தில் ஒரு கோயிலே கிடந்தது.

"இருபதுன்னா இருபது கோலுதான் டீச்சரே," என்றார் சிலுவை. "எனக்க அப்பன் வீடு வச்சதும் கோலுல, மாதா கோயிலுக்குக் கடைக்கால் போட்டதும் கோலுல. அடி வச்சு அளக்கதெல்லாம் துணிக்கடையில."

"ஊருல முழு பிள்ளையளயும் கொண்டு இருத்தினாலும் இது நெறயாது, கொத்தனாரே."

"அது உங்க பாடு. எனக்க மூலைமட்டம் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்கோ."

தங்கையன் சார் கோட்டை அழிக்கச் சொன்னார். சிலுவை மண்வெட்டியால் சுரண்டினார். அடியிலும் கோடு இருந்தது. ஒரு சாண் தோண்டினார். அங்கேயும் வெள்ளையாக, நேராக இருந்தது. ஒரு முழம் போன பிறகு அவர் நிமிர்ந்து, கடைக்கால் வெட்டும் கூலியை இப்போதே வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். சனிக்கிழமை அதோடு விட்டார்கள். திங்கட்கிழமை இடவப்பாதி இறங்கிவிட்டது.

முதல் நாள் நனையாமல் கிடந்தது கோட்டுக்குள் முழு இடமும் அல்ல, கிழக்குக் கோட்டை ஒட்டிய ஒரு பகுதி மட்டும். ராகேல் பிள்ளைகளை அதில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். அண்ணாந்து பார்த்தால் கறுத்த மேகத்தில் அதே அளவுக்கு ஒரு நீலத் துண்டு, ஓரம் பிசிறில்லாமல், சிலுவை கொத்தனாரே மட்டம் பார்த்து வெட்டியது மாதிரி. அந்த வழியாக வெயிலும் விழுந்தது. புதன்கிழமை ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், வரவில்லை. நனையாத இடத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவு குறைந்திருந்தது. ராகேலுக்கு உள்ளே எதுவோ தட்டியது. அடி அளவு நாடாவை எடுத்து அளந்தார். நூற்று அறுபது சதுர அடி. வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தாள், நூற்று எழுபது. அன்று டீச்சர் நெடுநேரம் நாடாவைச் சுருட்டாமலே நின்றார். பிள்ளை ஒன்றுக்குப் பத்தடி. மழையும் சர்க்கார் சட்டம் படித்திருந்தது.

இதைக் கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர். வியாபாரம் பார்க்க வந்தவர் ஒருவர்தான்: தேங்காய்ப்பட்டணம் கொப்பரை வியாபாரி அப்துல் ரசாக் முதலாளி. வயது ஐம்பத்தொன்று. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல். ஆனால் ஆயிரம் தேங்காய்க்கு எத்தனை துலாம் கொப்பரை தேறும் என்பதைக் காய் மரத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் கொப்பரை காயாமல் பூசணம் பூத்துப்போகும். கடற்கரை முழுக்க ஈரக் கொப்பரை நாறிக்கொண்டிருக்க, காய்ந்த கொப்பரை ஒருவரிடம் மட்டும் இருந்தால் விலை அவர் வாயில். முதலாளி குடையை மடக்கிவிட்டுக் கோட்டுக்குள் கால் வைத்தார். குனிந்து ஒரு பிடி புழுதியை அள்ளிக் கையில் நெரித்தார். பிறகு வானத்து நீலத்தைப் பார்த்து, "சுப்ஹானல்லா," என்றார். அதற்குப் பிறகு டீச்சரைப் பார்த்தார். சந்தையில் அவர் விலை பேசுவது துண்டுக்குள் விரல் பிடித்து. டீச்சரிடம் அது முடியாதென்பதால், வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து பேரம் பேசினார்.

"இஞ்ச பாருங்கோ டீச்சரே. பிள்ளைக்குப் பத்தடி. அது இருக்கதுக்கு மூணடி போதும். மிச்சம் ஏழடி சும்மா தானே கெடக்கு?"

"சும்மா கெடக்கல்ல முதலாளி. பிள்ள மூச்சு விடுகதுக்கு."

"மூச்சு விட மேல வானம் வரைக்கும் எடம் கெடக்கே. நான் கேக்கது தரை."

"தரைக்கு வாடகை இல்ல. பிள்ளைக்குத்தான் வாடகை. ஒரு பிள்ளைக்கு, ஒரு நாளைக்கு, ஒரு சக்கரம் காசு."

"எனக்க ரப்பே! கோட்டாத்துக் கம்போளத்துல சரக்கு அடுக்குக பாண்டியசாலைக்கே இந்த வாடகை இல்ல."

"கோட்டாத்துல மழை பெய்யல்லேன்னா அங்க கொண்டு காயப்போடுங்கோ."

முதலாளி குடையை விரித்து இரண்டு எட்டு நடந்தார். டீச்சர் கூப்பிடவில்லை. முதலாளி மடக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பதினேழு பிள்ளையை வச்சு எனக்கு என்னத்துக்கு? நாலு பாய் காயுமா?"

"பிள்ளையளக் கொண்டு வாருங்கோ. பேரெழுத நான் இருக்கேன்."

அதற்குப் பிறகு நடந்ததைப் பள்ளி ரிஜிஸ்டரில் இன்றும் பார்க்கலாம். அந்த ஆனி மாதம் மட்டும் பக்கங்கள் போதாமல் தாள் ஒட்டியிருக்கிறது. முதலாளி முதலில் தொண்டு தல்லி நார் எடுக்கும் பெண்களின் பிள்ளைகளைக் கொண்டுவந்தார், பிறகு தோணிக்காரர்களின் பிள்ளைகள், பிறகு வலைக்காரர்கள், பனையேறிகள், கடைசியில் யாருடைய பிள்ளைகள் என்று அவருக்கே தெரியாத பிள்ளைகள். தாய்மார் மறுத்த இடத்தில் வாரத்துக்கு நாலு தேங்காய் கொடுத்தார். பெண்பிள்ளை என்றால் ஐந்து, ஏனென்றால் அங்கேதான் மறுப்பு அதிகம். ஒவ்வொரு பெயர் ஏறும்போதும் நீலம் மேற்கே பத்துச் சதுர அடி விரிந்தது. வரிசைக்கு நடுவே ஓலைப்பாய், பாய் நிறையக் கொப்பரை. காக்கை ஓட்ட வேண்டிய வேலை இல்லை. நூறு பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும் இடத்தை எந்தக் காக்கையும் கிட்டே வந்து பார்க்கவில்லை. சுற்றிலும் உலகம் தண்ணீராய்க் கொட்ட, நடுவே தேங்காய் எண்ணெய் மணக்க மணக்க வெயிலில் அ, ஆ நடந்தது. வழியில் போன ஒரு வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு அரை நாள் மழையில் நின்று பார்த்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

ஆடி பிறந்தபோது நூற்று இருபத்தொன்பது பிள்ளைகள். கன்னிமூலையில் மட்டும் ஒரு துண்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. முதலாளியால் அதைப் பொறுக்க முடியவில்லை. முக்கால் பாய்க்கான இடம் சும்மா நனைவது அவருக்குப் பல்லில் மாட்டிய நார். எங்கும் இன்னொரு பிள்ளை அகப்படவில்லை. ஒரு நாள் அவரே சிலேட்டு வாங்கிக்கொண்டு வந்து அந்த மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ராகேல் பெயர் எழுதினார்: அப்துல் ரசாக், வயது 51, தொழில் என்ற இடத்தில் மாணவன். மழை அந்த மூலையிலும் நின்றது. சிலுவை கொத்தனார் கோலோடு வந்து நாலு பக்கமும் அளந்தார். நீலம் நாலு கோட்டையும் தொட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் அடியில் கணக்குப் போட்டார். ஆயிரத்து முந்நூற்று ஆறு சதுர அடிச் சொச்சம். நூற்று முப்பது பிள்ளைக்கு ஆயிரத்து முந்நூறு. மிச்சம் ஆறு அடிச் சொச்சம் சுண்ணாம்புக் கோட்டின் கனத்துக்குப் போயிற்று. தவறாகப் போட்ட கோடு, வரவேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே அறிந்திருந்தது. சிலுவை தன் முழக்கோலைத் துண்டால் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆடி இருபதாம் தேதி இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் வந்தார். திருவனந்தபுரத்துக்காரர், கோட்டு, தலைப்பாகை, சங்கிலி போட்ட கடிகாரம். நடுவில் நாற்காலி போட்டார்கள். அவர் பிள்ளைகளை எண்ணினார், கொப்பரையை முகர்ந்தார், வானத்தைப் பார்த்தார், தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. "இவிடெ மழை இல்லா. பின்னெ கூரை எந்தினு?" என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை விரித்தார். மழை பெய்யாத இடத்துக்குக் கூரை வேண்டாம். கூரை இல்லாததை வகுப்பு என்று சொல்ல முடியாது. ஆகவே நாலாம் வகுப்பு ரத்து. அவர் பேரில் குற்றம் இல்லை, சட்டத்தில் அதிசயத்துக்கு ஒரு பத்தி கிடையாது. பேனா மையில் இறங்கியதை ராகேல் பார்த்தார். முன்வரிசையில் ஒன்பது பெண்களின் எண்ணெய் தேய்த்த தலைகளைப் பார்த்தார். பிறகு கன்னிமூலையைப் பார்த்தார். அதுவரை அவர் முதலாளி என்றும் நீங்கள் என்றும் மட்டுமே அழைத்த மனிதரைப் பார்த்துச் சொன்னார்:

"ரசாக், எழும்பு. கோட்டுக்கு வெளிய போய் நில்லு."

முதலாளி எழுந்தார். அவர் எழுந்ததும், அவர் கூட்டிவந்த நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் எழுந்தன. முதலாளி எழுந்தால் எழுவது அவற்றின் வீட்டுப் பழக்கம். முதலாளி திரும்பிப் பார்த்தார். மறுநாள் தோணியில் ஏறவேண்டிய கொப்பரை, ஒரு மழைக்காலத்துச் சம்பாத்தியம் முழுவதும், பொன் நிறத்தில் பாய் பாயாகக் கிடந்தது. "இருங்கலே" என்று ஒரு வார்த்தை போதும், பிள்ளைகள் உட்கார்ந்துவிடும், கொப்பரை தப்பும். சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரி டீச்சரே," என்று சொல்லிக் கோட்டைத் தாண்டினார். பிள்ளைகள் வரிசையாகப் பின்னால் தாண்டின. ஒவ்வொரு தலைக்கும் பத்தடி வானம் மூடியது.

விழுந்த மழையில் காகிதம் கூழாயிற்று, தலைப்பாகை அவிழ்ந்தது, கொப்பரை பாயோடு மிதந்து தோட்டுக்குப் போயிற்று. ராகேலின் பதினேழு பிள்ளைகள் மட்டும் தங்கள் நூற்று எழுபதடியில் காய்ந்து உட்கார்ந்திருந்தன. இன்ஸ்பெக்டர் அங்கே ஓடி வந்து ஒதுங்கினார். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து வாங்கி, கூரை அவசியம், தாமதம் கூடாது, இருபதுக்குப் பன்னிரண்டு, கோல் அளவில் என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

ஊர்ப் பாதி சேர மூன்று மழைக்காலம் ஆயிற்று. மறுவருடமும் முதலாளி பிள்ளைகளோடும் பாய்களோடும் வந்தார், சக்கரம் தவறாமல் கொடுத்தார். கொப்பரையை ஏன் விட்டார் என்று கேட்டவர்களிடம், "யாவாரம்," என்று மட்டும் சொன்னார். கொல்லம் ஆண்டு 1109-இல் கொல்லத்து ஓடு வேய்ந்த கட்டிடம் எழுந்தது. வெயில் உள்ளே வராது, ஆகவே கொப்பரைக்கு அங்கே வேலை இல்லை. முதலாளி மழை நாட்களில் வருவதை நிறுத்தவில்லை. நாலாம் வகுப்புப் பரீட்சையில் வருடா வருடம் வேண்டுமென்றே தோற்றார். ஜெயித்தால் பெயரை எடுத்துவிடுவார்களே. எடுத்தால் அவர் மூலை நனையும், ஓட்டுக்கு அடியிலும் சட்டம் மாறவில்லை. ஒரு பிள்ளை வராவிட்டால் பத்துச் சதுர அடியில் மழை ஓட்டைத் தாண்டி உள்ளே பெய்யும். ஓட்டில் ஒழுகல் கிடையாது, பாசி கிடையாது, சிலுவை கொத்தனார் ஒவ்வொரு வருடமும் ஏறிப் பார்த்து, வேலை கிடைக்காத வருத்தத்தோடு இறங்கினார். மழைக்காலத்தில் ராகேல் டீச்சர் பெயர் கூப்பிடுவதில்லை. நனைந்த தரையை அளப்பார், பத்தால் வகுப்பார், வராதவர் வீட்டுக்கு ஆள் போகும்.

இங்கிலீஷ் கணக்குக்கு 1938, ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு, கன்னிமூலையில் மழை விழத் தொடங்கியது. ராகேல் பிள்ளைகளை எண்ணினார். நூற்று இருபத்தொன்பதும் இருந்தன. இரண்டாம் தடவை எண்ணவில்லை. மணி அடிக்கச் சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்துக்கு நடந்தார். சேதி சொல்ல வந்த ஆள் எதிரே பாதி வழியில் அவரைக் கண்டு, சொல்லாமலே திரும்பிக் கூட நடந்தான்.

பெயரை ரிஜிஸ்டரில் அடிக்கவில்லை, அந்த இடத்தில் வேறு பிள்ளையைச் சேர்க்கவும் இல்லை. மூலையில் ஒரு பெரிய மண்பானை வைத்தார்கள். இடவப்பாதி பிறந்தால் பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான். நல்ல தண்ணீர். குடித்தவர்கள் லேசாகக் கொப்பரை மணக்கும் என்பார்கள்.