ஊசிக்குள் இருந்த நீலம்

தையல்காரருக்கு இருந்தது ஒற்றைக் கண்தான். மற்றது சின்ன வயதிலேயே போய்விட்டது. அந்த ஒன்றிலும் புரை முற்றி, பால் போல வெளுத்துக் கிடந்தது.

புரையை எடுக்க வேண்டுமென்றால், லென்ஸைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் முதலில் வட்டமாக ஒரு வாசல் திறக்க வேண்டும். உறையோ கண்ணாடித் தாள் மாதிரி. மற்றவர்களுக்குக் கண்ணின் பின்புறத்திலிருந்து சிவப்பு வெளிச்சம் திரும்பி வரும். அதில் உறையைக் கிழிக்கும்போது கிழிசலின் விளிம்பு தெரியும். இவருக்கு வெள்ளைப் புரை அந்த வெளிச்சத்தை அடைத்துவிட்டது. குத்துமதிப்பாக இழுத்தால் கிழிசல் ஓரத்துக்கு ஓடிவிடும். அதனால்தான் நீலச் சாயம். உறை மட்டும் நீலமாகும், உள்ளேயிருக்கும் புரை வெள்ளையாகவே நிற்கும்.

சாயத்தை ஊசியில் ஏற்றிவைத்தவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சாயம் உறைமேல் மட்டும் படிவதற்காக டாக்டர் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டுவிட்டு, "நீலம்" என்று கை நீட்டினார்.

நர்ஸின் பார்வை தட்டின் மூலைக்குப் போனது. கண்ணுக்குக் கட்டுப் போடும்வரை சாயத்தின் காலிக் குப்பியை அங்கே நிறுத்திவைப்பது அந்தத் தியேட்டரின் வழக்கம். குப்பி இல்லை. ஏதோ நினைப்பில் குப்பையில் போட்டிருக்கிறாள். குப்பைப் பையும் போயாயிற்று.

காலையில் இமை ஆபரேஷனுக்குத் தோலில் கோடு போட்ட நீலமும் அதே அலமாரியில்தான் இருந்தது. அதே அளவு குப்பி. அது கண்ணுக்குள் போனால் கருவிழியின் உட்படலம் கெட்டுவிடும். லேபிளைப் படித்த ஞாபகம் இருந்தது. ஆனால் இன்று படித்ததா, நேற்று படித்ததா?

"டாக்டர், இது வேணாம்."

"ஏன், கலர் பிடிக்கலையா?"

"குப்பியைத் தூக்கிப் போட்டுட்டேன். நம்ம நீலம்தான்னு நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சொல்லலாம்."

"மிச்சம் அஞ்சு?"

"அதை இவர் கண்ணுல வச்சுப் பார்க்க முடியாதே, டாக்டர்."

துணிக்கு அடியிலிருந்து தையல்காரரின் குரல் வந்தது. "என்னம்மா, சாயம் போற சரக்கா?"

"அசையாதீங்கண்ணே. வேற சரக்கு எடுக்கிறோம்."

"இருக்கா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுதான் இருக்கு. அடுத்தவருக்கு வச்சது."

"அவங்ககிட்ட யாரு பேச்சு வாங்குறது?"

"நான்தான்."

புதுக் குப்பியின் லேபிளை அவள் உரக்கப் படித்தாள். டாக்டரும் ஒருமுறை படித்தார். சாயத்தை விட்டு, சில நொடிகளில் கழுவியதும் உறை நீலமாகத் தெரிந்தது. டாக்டர் இடுக்கியால் விளிம்பைப் பிடித்து மெல்லச் சுற்றி உரித்தார். நீலத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு வட்டம், பிசிறில்லாமல்.

நர்ஸ் வெளியே போனதும் அடுத்த நோயாளியின் மனைவி எழுந்து வந்தாள்.

"மருந்து தீர்ந்துடுச்சுக்கா. தப்பு என்னுதுதான். திங்கட்கிழமை முதல் ஆளு உங்க வீட்டுக்காரர்தான்."

"மூணு பஸ் மாறி வந்திருக்கோம். தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?"

"ஆகாதுக்கா."

அந்த அம்மாள் பொரிந்து தள்ளினாள். நர்ஸ் குறுக்கே பேசாமல் கேட்டு முடித்து, திங்கட்கிழமைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.