முப்பத்தேழரை டிகிரி

அண்ணனும் அண்ணியும் வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில், பின்பக்க மதிலுக்கு மேலாக அண்ணி ஒரு முட்டைத் தட்டை நீட்டினார்.

"தம்பி, இந்தாங்க. பன்னெண்டு இருக்கு. அடை வைக்கலாம்னு நாலஞ்சு நாளா சேத்தது. அதுக்குள்ள கிளம்ப வேண்டியதாப் போச்சு. ஆம்லெட்டாவது போட்டுச் சாப்பிடுங்க."

"கோழிங்க?"

"பால்காரர் வீட்டுக்குக் குடுத்தாச்சு. மக வீடு மூணாவது மாடி. அங்க கோழிக்கு எங்க போறது?"

லேப்காரர் தட்டை வாங்கிக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஊசியும் குழாயுமாக இருப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். சாமான்கள் எல்லாம் ஏறிய பிறகு அண்ணன் தன் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்ததை அவர் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். அண்ணன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்புவார் என்று இவர் நினைக்கவும் இல்லை. ஆனாலும் வண்டி தெருமுனையில் மறையும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை.

அது ஒரே வீடாக இருந்ததுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் கூடத்தின் நடுவில் அண்ணன் ஒரு செங்கல் சுவர் எழுப்பினார். அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதித்தது லேப்காரர்தான். முடிவைப் பார்த்ததும் நோய் முற்றியிருப்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் மூன்று வாரம் அண்ணனிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அண்ணன் மகளின் கல்யாணம் முடிந்த மறுநாள்தான் சொன்னார். அடுத்த இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள். மூன்று வாரம் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்பதற்கு எந்த டாக்டரும் பதில் சொல்லவில்லை. அண்ணனோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. அண்ணி மட்டும் மதில் மேலாக நல்லது கெட்டது சொல்வார்.

பேச்சு இல்லையே தவிர, சத்தம் இருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமுவது, அண்ணி பாத்திரத்தை நங்கென்று வைப்பது, ஏழு மணிச் செய்தி. அவர்கள் போன பிறகு அந்த ஏழு மணிக்கு லேப்காரர் கையில் டீயோடு நின்றுகொண்டே இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அவருக்கு ஐம்பத்தோரு வயது. கல்யாணம் பேசி வந்ததெல்லாம் தட்டிப் போய், பிறகு பேசுவாரும் இல்லாமல் போயிருந்தது. வீடு இவ்வளவு பெரியது என்று அவருக்கு அன்றுதான் உறைத்தது.

மறுநாள் ஆம்லெட்டுக்கு வெங்காயம் நறுக்கிவிட்டு ஒரு முட்டையைக் கையில் எடுத்தார். உடைக்க மனசு வரவில்லை. அடை வைக்கச் சேர்த்தது என்று தெரிந்த பிறகு எப்படி உடைப்பது? வெங்காயத்தை மட்டும் வதக்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். அங்கே ஒரு மூலையில், மருந்துகள் பனிக்கட்டியோடு வந்து இறங்கிய தெர்மகோல் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. பெரியதாகப் பார்த்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெட்டி செய்வது பெரிய வித்தையாக இல்லை. மூடியில் சதுரமாக வெட்டிக் கண்ணாடி பதித்தார். உள்ளே அறுபது வாட் பல்பு, காற்றைச் சுற்றிவிடப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன மின்விசிறி, ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் ஏற்றும் தெர்மோஸ்டாட் ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டினார். முட்டைகளில் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டார். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது திருப்பி வைக்க வேண்டும், எது திரும்பியது எது திரும்பவில்லை என்று தெரிய வேண்டாமா?

சூட்டை நிறுத்தி வைப்பதுதான் பாடாகப் போயிற்று. வேண்டியது முப்பத்தேழரை டிகிரி. உள்ளே முள் வைத்த மூன்று தெர்மாமீட்டர்களைப் போட்டார். ஒன்று முப்பத்தேழு என்றது, ஒன்று முப்பத்தொன்பது என்றது, மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் சமரசம் பேசியது. மூன்றையும் உருகும் ஐஸில் முக்கிப் பார்த்து, பூஜ்யத்தைச் சரியாகக் காட்டிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் பல்பு எரிந்தால் முப்பத்தெட்டரை, அணைந்தால் முப்பத்தாறு. உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில்களைப் படுக்கப் போட்டார். தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டதால் ஊசலாட்டம் பாதியாகக் குறைந்தது. அவருக்கு அது போதவில்லை. ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் ஏற்காத வேலை அவருடையது. தெர்மோஸ்டாட்டில், பல்பு அணையும் சூட்டுக்கும் மறுபடி எரியும் சூட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் திருகித் திருகி டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார். பல்பு நிமிஷத்துக்கு நாலு தடவை டிக், டிக் என்று எரிந்து அணைந்தது. முள் மட்டும் முப்பத்தேழரையை விட்டு அசையவில்லை. அந்த டிக் சத்தம் வீட்டில் இருப்பதும் அவருக்குப் பிடித்திருந்தது.

காலையில் ஒரு தடவை திருப்பினார், வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை. நடுவில் ஒரு தடவை திருப்புவதற்காக மதியம் சரியாக ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடத் தொடங்கினார். இத்தனை வருஷமாகப் பரிசோதனைக் கூடத்திலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டவர் திடீரென்று இப்படிப் பறந்தால் யார் சும்மா இருப்பார்கள்? வரவேற்பு மேஜையில் இருக்கும் அம்மா ஒருநாள் வழியை மறித்துவிட்டார்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. வீட்டுல யாரு?"

"யாருமில்லம்மா."

"யாருமில்லாத வீட்டுக்கா இந்த ஓட்டம்? மூஞ்சி வேற தெளிஞ்சிருக்கு. டாக்டரே கேக்குறாரு."

"பன்னெண்டு பேரு இருக்காங்க. போய்த் திருப்பிப் போடணும்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தது வாசல்வரை கேட்டது. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார் போல. லேப்காரரும் அப்படியே விட்டுவிட்டார். முட்டைகளைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு வெறுமையாகத் தெரிந்தன. மற்ற பத்திலும் சிலந்தி கால் பரப்பினாற்போல ரத்தக் குழாய்கள், நடுவே ஒரு புள்ளி. எத்தனை ஆயிரம் பேர் ரத்தத்தைப் பார்த்திருப்பார்! இப்படி ஒரு நாளும் இரண்டாம் தடவை எண்ணிப் பார்த்ததில்லை. "பத்து" என்று சத்தமாகச் சொன்னார். கேட்க ஆள் இல்லை.

பதிமூன்றாம் நாள் மதியம் கதவைத் திறந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. டிக் சத்தம் இல்லை. பெட்டியின் கண்ணாடி மூடியில் வியர்த்திருந்தது. பல்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. முள் நாற்பத்தொன்றைத் தொட்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கி மூடியைத் தூக்கினார். முகத்தில் அனல் அடித்தது. தண்ணீர் தெளிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்து, கூடாது, வெடித்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டார். விசிறியால் வீசினார். முள் முப்பத்தெட்டுக்கு இறங்கியதும் ஒரு துண்டைப் போட்டு மூடினார். எவ்வளவு நேரம் அப்படி எரிந்ததோ, யார் கண்டது? தெர்மோஸ்டாட்டைத் தட்டினார், குலுக்கினார். அது செத்த சாமானாகக் கிடந்தது. சூடு ஏறினாலும் போச்சு, ஆறினாலும் போச்சு.

வயர் வேலை தெரிந்தவர் என்றால் அவர் ஞாபகத்துக்கு வந்தது ஒரே ஒருவர்தான். அந்த வீட்டின் ஒவ்வொரு ஸ்விட்சையும் மாட்டிய எலெக்ட்ரீஷியன், அவருடைய அண்ணன். அண்ணிக்கு ஃபோன் செய்தார்.

"அண்ணி, நீங்க குடுத்த முட்டையை நான் சாப்பிடல. பெட்டி செஞ்சு அடை வெச்சேன். இப்ப சூடு ஏறிப் போச்சு. பல்பு அணைய மாட்டேங்குது."

"என்ன சொல்றீங்க தம்பி? முட்டையா? பல்பா?" மறுபக்கம் ஃபோன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"என்ன பல்பு?" என்றார் அண்ணன்.

லேப்காரர் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "அறுபது வாட்" என்றார்.

"இடைவெளி எவ்வளவு வெச்சே?"

"பத்துல ஒண்ணு."

"பத்துல ஒண்ணா! நாள் பூரா அடிச்சுக்கிட்டே இருந்திருக்கும். உள்ள காண்டாக்ட் தீஞ்சு ஒட்டிக்கிச்சு. இவ்வளவு இறுக்கிப் பிடிச்சா எந்தச் சாமான்டா தாங்கும்? கோழி என்ன தெர்மாமீட்டர் பாத்துக்கிட்டா உக்காருது? எந்திரிச்சுப் போகும், மேயும், வரும். அரை டிகிரி விட்டுக் குடு."

"சரி."

"புதுசு வாங்குறவரைக்கும் நேரா இருபத்தஞ்சு வாட் பல்பு போடு. நின்னு எரிஞ்சாலும் முப்பத்தெட்டைத் தாண்டாது. தாண்டினா மூடியைக் கொஞ்சம் தள்ளி வை. அவ்வளவுதான்."

"அண்ணே..."

ஃபோன் வைக்கப்பட்டிருந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசியது இவ்வளவுதான். லேப்காரர் அதற்கு மேல் நினைக்க நேரமில்லாமல் கடைக்கு ஓடினார். அன்றுதான் முதல் தடவையாக அவர் வேலைக்குத் திரும்பப் போகவில்லை. அண்ணன் சொன்னது சொன்னபடியே இருந்தது. இருபத்தைந்து வாட் பல்பு எரிந்துகொண்டே இருக்க, முள் முப்பத்தேழரைக்கு அக்கம்பக்கத்தில் சாவதானமாக உலாவியது.

சாயங்காலம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறு முட்டைகளில் நிழல் அசைந்தது. நான்கில் அசையவில்லை. நாலையும் தோட்டத்து மூலையில் புதைத்துவிட்டு வந்து, கை கழுவின பிறகும் குழாயடியிலேயே வெகுநேரம் நின்றார். தவறு அவருடையது. கவனக்குறைவினால் வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இதுவோ அதிகக் கவனத்தால் வந்தது.

இருபத்தோராம் நாள் விடியலில் ஒரு முட்டையில் கீறல் கண்டது. டாக்டரிடம் லீவு சொல்லிவிட்டுப் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் நாலு குஞ்சுகள் வெளியே வந்து நனைந்த பஞ்சு மாதிரி கிடந்தன. மற்ற இரண்டும் மறுநாள் வரை காத்தும் வரவில்லை. அண்ணிக்கு ஃபோன் செய்து "நாலு" என்றார். அண்ணி "ஐயோ!" என்று குழந்தை போலக் கூவினார். பக்கத்தில் யாரோ, "கால் நேரா இருக்கான்னு கேளு" என்றது கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் அண்ணன் நின்றார். கருவிப் பை தோளில் தொங்கியது. அண்ணி வரவில்லை.

"குஞ்சுக்கு முதல் வாரம் முப்பத்தஞ்சு வேணும். அப்புறம் வாரா வாரம் குறைக்கணும். பல்பை உயரம் மாத்துற மாதிரி தொங்க விடணும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, மேலே கம்பி கட்டி, பல்பைச் சங்கிலியில் மாட்டினார். குஞ்சு ஒன்று அவர் கட்டைவிரலைக் கொத்தியது. "ரௌடி" என்றார். தம்பி செய்த பெட்டியையும் திருப்பிப் பார்த்தார். வயர் முடிச்சில் டேப் பிரிந்திருந்த இடத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"கல்யாணம் நின்னுடும்னுதான் சொல்லலையா?"

"ஆமா."

"எங்கிட்டக்கூடவா?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னா."

அண்ணன் நிமிர்ந்தார். "அவளுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட மறைக்க முடியலை. வீட்டுக்குள்ள நுழைஞ்சதுமே என் மூஞ்சியப் பாத்துட்டு, 'கெட்டதுதானே'ன்னு கேட்டா. பேத்தி கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் உங்க அண்ணன் காதுல போடாதே, அவன் தாங்க மாட்டான்னா."

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்கலையே. அம்மா காரியம் முடிஞ்ச மறுநாளே செங்கல் வந்து இறங்கிடுச்சு. அப்புறம்... செத்தவ மேல பழியப் போட மனசு வரலை."

அண்ணன் குனிந்து பழைய டேப்பை உரித்தெடுத்தார். புது டேப்பை எடுத்து, ஒரு தடவை சுற்ற வேண்டிய இடத்தில் ஐந்தாறு தடவை சுற்றினார். பிறகு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு சொம்பை வைக்கும்போது கண் சிவந்திருந்தது. "வெளியில விடுறப்போ கூண்டு வேணும். கம்பி வலை கொண்டாறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

லேப்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மனசில் இருந்ததை இறக்கி வைத்தால் லேசாக இருக்கும் என்பார்கள். அவருக்கு அப்படி இல்லை. ஆறு வருஷம் என்பது எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டார். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து தூங்கின.

அடுத்த ஞாயிறு அண்ணன் வரவில்லை. முட்டி வலி என்று அண்ணி ஃபோனில் சொன்னார். நிஜ வலியா, வர மனசில்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை, கேட்கவும் இல்லை. இரண்டு பேருக்கு வடித்த சோற்றை மறுநாள் மதியமும் அவரே சாப்பிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் பத்து மணி தாண்டியது, பதினொன்றும் ஆயிற்று. பன்னிரண்டுக்கு வாசலில் ஏதோ தகரம் உராயும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அண்ணன் சுருட்டிய கம்பி வலையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்துகொண்டிருந்தார். லேப்காரர் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போய் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.