வான் டெசல் வீட்டு ஐஸ் தொட்டி

வான் டெசல் குடும்பத்தில் யாரும் வேலை பார்த்து நான் கண்டதில்லை. தாத்தா ரயில் பாதை போட்டுச் சம்பாதித்துவிட்டுப் போனார். பேரன்கள் மூவரும் விளையாட்டு வீரர்கள். ஒருவருக்குப் போலோ, ஒருவருக்குப் பாய்மரப் படகு, கடைசி பிரெஸ்காட்டுக்குக் குதிரை. பத்திரிகைக்காரர்கள் அவரைச் சூரர் என்று எழுதுவார்கள். எழுதுகிறவர்கள் சாப்பிடுவது அவர் வீட்டில்தான்.

மேரிலாந்தில் அவர்கள் லாயத்தில் முப்பது வருஷம் குதிரை பார்த்தேன். வசந்தத்தில் அங்கே மரவேலி தாண்டும் பந்தயம் நடக்கும். கூலி ஜாக்கி கிடையாது, முதலாளிகளே ஏறுவார்கள். மூன்று முறை ஜெயித்தவருக்கு வெள்ளிக் கோப்பை நிரந்தரச் சொந்தம். பிரெஸ்காட் இரண்டு முறை ஜெயித்திருந்தார், இரண்டும் சாண்ட்பைப்பர் என்ற குதிரை மேல்.

மூன்றாவது பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சாண்ட்பைப்பரின் இடது முன்னங்கால் தசைநார் வீங்கிக் கொதித்தது. பெரிய வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். கிழவனுக்குப் பயம் என்று சிரித்தார்களாம். மூன்று நாளும் ஐஸ் தொட்டியில் அந்தக் காலை இறக்கி நிறுத்தினேன். வலியாவது குறையட்டும் என்றுதான்.

பந்தயத்தன்று காலையில் பிரெஸ்காட் வந்தார். கையுறையைக் கழற்றிக் காலைத் தடவினார்.

"சில்லுனு இருக்கு. இதுக்கா இவ்ளோ கூப்பாடு, எல்கின்?"

"அது ஐஸோட குளிர்ச்சி சின்னய்யா, காலோடது இல்ல. ஒரு மணி நேரம் விட்டுத் தொட்டுப் பாருங்க."

"எங்க வீட்ல மூணு தலைமுறையா குதிரைக் காலத் தொடுறோம். நீ சேணத்தப் போடு."

போட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

கடைசி வேலிக்கு முந்தின வேலி வரை சாண்ட்பைப்பர்தான் முதலில் வந்தது. தாண்டி இறங்கியபோது அந்தக் கால் ஒடிந்தது. நான் ஓடிப் போனபோது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார். குதிரை எழப் பார்த்து எழப் பார்த்து விழுந்தது.

"இப்பத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் திரும்பிக்கொண்டார். கால் ஒடிந்த குதிரைக்கு வேறு வழியில்லை, துப்பாக்கி வந்தது.

அவர்கள் வழக்கப்படி தலை, இதயம், நான்கு குளம்பு, இவற்றை மட்டும் பண்ணையில் புதைத்தோம். மீதியை வண்டிக்காரன் வேட்டை நாய்களுக்குக் கொண்டுபோனான். பிரெஸ்காட் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். கல்லும் நட்டார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'ஆசையாய் ஓடியவன்.'

அடுத்த வசந்தத்தில் புதுக் குதிரை வந்தது. அதற்கும் கால் கொதித்தது. பந்தயச் சங்கம் அந்த வருஷம் குதிரை டாக்டரைப் போட்டிருந்தது. அவர் தொட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் ஓடலாம். பிரெஸ்காட் வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள் புதுத் துத்தநாகத் தொட்டியும் ஐஸும் தூக்கி வந்தார்கள்.

"டாக்டர் பத்து மணிக்கு வர்றார். அதுக்குள்ள காலக் குளுர வச்சிடு, எல்கின். உனக்குத்தான் அது நல்லா வருமே" என்றார்.

அந்த ஒன்றை மட்டும் சாண்ட்பைப்பரிடமிருந்து கற்றிருந்தார்.

அவர் போனதும் ஐஸைப் புல்லில் கொட்டினேன். தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். டாக்டர் வந்து காலில் கை வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை.