தாயில்பட்டி ராக்கெட்டும் விருதுநகர்ப் பருப்பும்

விருதுநகரில் துவரம் பருப்பு கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால், தாயில்பட்டியில் காளிராஜ் அண்ணாச்சியின் பட்டாசு ஆபீசில் செய்த ராக்கெட் ஓர் ஆள் உயரம் குறைவாகப் பறந்தது. 2006ஆம் வருஷத்தில் இது தொடங்கியபோது அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி மேனேஜராக இருந்தவர் சாதிக் பாட்சா. மருந்து கலப்பதிலிருந்து லாரியில் லோடு ஏறுவது வரை அவர் பொறுப்பு. சம்பளம் மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு. சிவகாசியில் வீட்டு வாடகை, மகள் பெனாசிரின் பள்ளிக்கூடச் செலவு, பால், மளிகை எல்லாம் போக மாதக் கடைசியில் டீ குடிக்க மிஞ்சும். சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுகளுக்கு வெகுதூரத்தில் உள்ள பொட்டலில், ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில் நின்று, அந்த வாரச் சரக்கில் ஒரு ராக்கெட்டைக் கொளுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். பனையைப் போல இரண்டு மடங்கு உயரம் போய் வெடிக்கும். அவரும் திருப்தியாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

பருப்பு ஏற ஏற, ராக்கெட் இறங்கியது. முதலில் பனைக்குச் சற்று மேலே வெடித்தது. அடுத்த கோடையில் பனையின் கொண்டையில் வெடித்து, அங்கே கூடு கட்டியிருந்த பருந்து ஊரைவிட்டே போனது. சாதிக் பாட்சா மருந்தைக் குறை சொன்னார், கரியைக் குறை சொன்னார், குச்சியை மாற்றினார், கந்தகத்தை வேறு ஆளிடம் வாங்கினார். காளிராஜ் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அம்மன் கண் திறந்தாளோ என்னவோ, ராக்கெட் வாய் திறக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது சாதிக் பாட்சாவின் மனைவி சம்சாத். அவள் விருதுநகர்க்காரி. அவள் வாப்பா அங்கே பருப்புத் தரகில் இருந்தவர். மற்றவர்கள் பேப்பரில் சினிமாவைப் பார்த்தால் அவள் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத்தான் முதலில் பார்ப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நாளைக்கு ராக்கெட் பனையைத் தாண்டாது என்றாள். தாண்டவில்லை. பாமாயில் இறங்கிய ஒரு வாரத்தில் கொஞ்சம் தாண்டும் என்றாள். தாண்டியது. சாதிக் பாட்சாவின் சம்பளம் எதுவரை எட்டுகிறதோ அதுவரைதான் அவர் கைபட்ட ராக்கெட்டும் போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் கூச்சம்.

ஏனென்றால் அதற்கு மருந்து ஒன்றுதான், சம்பளம் கூட்டிக் கேட்பது. அதைக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. தீபாவளி முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்று பூஜை போட்டு, வெற்றிலை பாக்குத் தட்டில் ஒரு கவரை வைத்து முதலாளி மேனேஜரிடம் நீட்டுவார். அடுத்த வருஷத்துச் சம்பளம் அதற்குள் எழுதியிருக்கும். முதலாளி முன்னால் அதைப் பிரிக்கக் கூடாது, பிரித்தபின் அதைப் பற்றிப் பேசக் கூடாது. கேட்டு வாங்குபவன் கூலிக்காரன், கேளாமல் வாங்குபவன் மேனேஜர் என்பது அந்த வட்டாரத்துப் பெருமை. இரண்டு தீபாவளிகளிலும் கவருக்குள் நூறு நூறு ரூபாய் கூடியிருந்தது.

"அண்ணாச்சிட்ட கேட்டீகளா?" என்றாள் சம்சாத்.

"கேக்கிறதுக்கு நான் என்ன கூலிக்காரனா?"

"கூலிக்காரன் கேட்டு வாங்கித் திங்கான். நீங்க மேனேஜரா இருந்து ரசத்தைக் குடிங்க."

அவர் ரசத்தைக் குடித்தார். வேறு என்ன செய்வது?

2008 சித்திரையில் கொழுந்தியாள் கல்யாணத்துக்காகச் சாதிக் பாட்சா ஒரு வாரம் லீவு போட்டார். அந்த வாரம் உதவியாளர் நாகையா வேலையைப் பார்த்துக்கொண்டார். நாகையாவுக்குச் சம்பளம் சின்னது, செலவு அதைவிடச் சின்னது. கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டில் சாப்பாடு, அதே வீட்டுத் திண்ணையில் தூக்கம். அவர் கொளுத்திய ராக்கெட் பனையைத் தாண்டி, பருந்து பறக்கிற உயரத்தையும் தாண்டி, வெடிக்கிற சத்தம் கேட்பதற்கே நேரமாகிற உயரத்துக்குப் போனது. காளிராஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. தீபாவளி கழிந்து ஆபீஸ் திறக்கும்போது நாகையாதான் மேனேஜர், பாய் பட்டாசு குடோன் கணக்கைப் பார்க்கட்டும், பாதிச் சம்பளம் போதும் என்று சொல்லிவிட்டார். சாதிக் பாட்சா அன்று வண்டியை உருட்டிக்கொண்டே பாதித் தூரம் வந்தார். இருபது வருஷம் கந்தகத்தோடு வாழ்ந்தவருக்கு அன்றுதான் கண் எரிந்தது. பெனாசிரைப் பத்தாவதோடு நிறுத்த வேண்டியிருக்குமோ என்பதை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே சம்சாத்துக்குத் தெரிந்தது.

மேனேஜர் என்று பெயர் வந்ததும் நாகையாவுக்குப் பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள். தையில் கல்யாணம். சிவகாசியில் தனி வீடு, அதற்கு அட்வான்ஸ், கேஸ் அடுப்பு, மாமியார் வீட்டுக்குப் பலகாரம், மாசியில் மனைவிக்கு வாந்தி, மருந்துக்கடை. பங்குனியில் ராக்கெட் பனையின் இடுப்பில் வெடித்தது. ஆனியில் பருப்பு எழுபதைத் தாண்டியபோது ஆள் உயரத்தில் வெடித்து நாகையாவின் தொப்பியைக் கொண்டுபோனது. வடக்கே இருந்து ஆர்டர் கொடுத்தவர்கள் போன் செய்து, இது ராக்கெட்டா தரைச்சக்கரமா என்று கேட்டார்கள். சீசன் தலைக்கு மேல் நின்றது. நாகையா நேராகச் சாதிக் பாட்சாவிடம் வந்து அழாத குறையாக நின்றார். "பாய், எனக்கு இந்த வேலை வேண்டாம். நான் கல்யாணம் பண்ணாம இருந்திருக்கணும்." சாதிக் பாட்சாவுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வற்றிப்போனது. "கல்யாணத்துல தப்பு இல்லலே, கவர்லதான் தப்பு" என்றார்.

மறுநாள் மத்தியானம் காளிராஜே சாதிக் பாட்சாவின் வீட்டுக்கு வந்துவிட்டார். யாரும் அழைக்கவில்லை, சாப்பாட்டு நேரம் என்பதால் சம்சாத் இலை போட்டாள். இருந்ததைத்தான் வைத்தாள். காளிராஜ் சாம்பாரைக் கரண்டியால் துழாவினார். முருங்கைக்காய் வந்தது, கத்திரிக்காய் வந்தது.

"சாம்பார்ல பருப்பு எங்க தாயி?"

"விருதுநகர்ல இருக்கு அண்ணாச்சி. உங்க குடோன்லதான்."

சாதிக் பாட்சாவுக்கு உயிர் போய் வந்தது. காளிராஜுக்கு விருதுநகரில் பருப்புக் குடோன் இருப்பதும், விலை ஏறட்டும் என்று அதை அவர் பூட்டி வைத்திருப்பதும் ஊரறிந்த விஷயம். ஆனால் இலை போட்டு அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் கிடையாது. காளிராஜ் கையைக் கழுவவில்லை. கரண்டியைச் சாம்பாரில் மறுபடி ஒருமுறை விட்டுப் பார்த்தார். ஏறியது எது, இறங்கியது எது என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைசியில், "எம்புட்டு சம்பளம் இருந்தா பனையத் தாண்டும் பாய்?" என்றார்.

சாதிக் பாட்சா இருபது வருஷமாக வாய்விட்டுச் சம்பளம் கேட்டதில்லை. சம்சாத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தொகையைச் சொன்னார். நாகையாவுக்கும் ஒன்று சொன்னார். மேனேஜர் வாயால் சம்பளம் கேட்டது அந்த வட்டாரத்தில் அதுதான் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. காளிராஜ் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சாதிக் பாட்சா மறுபடி மேனேஜர் ஆனார். நாகையா சம்பளம் கூடி உதவியாளராகவே நிம்மதியாக இருந்தார். வெற்றிலைத் தட்டில் கவர் வைப்பது நின்றது. சனிக்கிழமை ராக்கெட் பனைக்குக் கீழே வெடித்தால் திங்கட்கிழமை சம்பளத்தைச் சரிபண்ணுவது ஆபீசில் வழக்கமாயிற்று. அடுத்த வருஷம், புஸ்வாணம் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை என்று போர்மேன் வந்து சொன்னபோது, காளிராஜ் மருந்தைப் பார்க்கப் போகவில்லை. புஸ்வாணத்தில் மருந்தைக் கெட்டிக்கிற பெண்களுக்கு என்ன கூலி என்று கேட்டார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. காளிராஜ் வந்துபோன அந்த வாரத்துச் சனிக்கிழமை சாதிக் பாட்சா பொட்டலில் ராக்கெட்டைக் கொளுத்திவிட்டு, பயத்தில் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பார்த்தது சம்சாத்தான். சிவகாசியில் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தவள், தாயில்பட்டித் திசையில் ஒரு பொறி எழும்பி மேகத்துக்குப் பக்கத்தில் போய் விரிந்ததைக் கண்டாள். கீழே இறங்கிவந்து, உலையில் இன்னொரு பிடி பருப்பு போட்டாள்.