சீனியை மறக்காத ரத்தக்குழாய்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. ‘குருதிக்கலன் உருவாக்கத்தில் மரபணு வெளிப்பாட்டின் மேல்மரபணு ஒழுங்குபடுத்தல்’ என்று தலைப்பு வைத்தேன். தலைப்பை எழுதிய களைப்பில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் மக்கீனின் கால் நினைவுக்கு வந்தது.

2

மக்கீன் இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்றவர். 2004 சுனாமி அவருடைய கடையையும் ஏழு வயது மகள் றுஸ்தாவையும் கொண்டுபோனது. (கடல் ஒரு பசித்த... வேண்டாம். இந்த இடத்தில் உவமை தேட வெட்கமாக இருக்கிறது.) அகதி முகாமில் அவர் சோற்றைத் தொடவில்லை. மனைவி லைலா நாலு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியை நீட்டினால் மட்டும் குடித்தார். அவருக்குச் சலரோகம், அதாவது சீனி வியாதி என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் நீட்டினாள், ஒன்றரை வருடம்.

பிறகு ஆள் தேறினார், சீனியை அடியோடு விட்டார். 2009 மே மாதம், யுத்தம் முடிந்ததென்று தெருவில் பட்டாசு வெடித்த வாரம், ஆணி குத்திய கால் பெருவிரல் ஆறாமல் கறுத்துப்போனது. (பட்டாசை நான் கொளுத்தவில்லை. வரலாறு கேட்காமலே கதைக்குள் நுழைந்துவிடுகிறது.)

3

“மூணு வருஷமாச் சீனி தொடல்ல டொக்டர். இந்தக் காலுக்கு இன்னும் என்ன கோவம்?”

டொக்டர் தனஞ்சயன் தாளில் படம் கீறினார். “புண் ஆறப் புது ரத்தக்குழாய் முளைக்கணும். முளைக்கச் சொல்ற மரபணு உங்களிட்ட இருக்கு, ஒரு எழுத்தும் அழியல்ல. ஆனா முந்திக் கூடிக்கிடந்த சீனி அதுக்கு மேல ரசாயனப் பூட்டு ஒண்டு போட்டிருக்கலாம். சீனி குறைஞ்சாலும் பூட்டு லேசில கழராது.”

“முந்தியெண்டா?”

“முகாமில இருந்த காலமா இருக்கும்.”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்த லைலாவின் கை அப்படியே நின்றது. மக்கீன் அதைக் கண்டார்.

“அது நான் களவாக் குடிச்சது டொக்டர், பக்கத்துக் கூடாரத்தில. இவக்கு ஒண்டும் தெரியாது. நீங்க விரலை வெட்டுங்க. தொதல் கிண்டுறது கையாலதானே?”

4

புண் தானாக ஆறியதென்று ஒரு முடிவு எழுதினேன். பூட்டைத் திறக்கும் மருந்து கொழும்பிலிருந்து வந்ததென்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துப்போட்டேன். விரலை வெட்டினார்கள். காயம் ஆற மூன்று மாதம் எடுத்தது. மக்கீன் நடந்தார்.

வெட்டிய அன்று லைலா டொக்டரைத் தனியாகப் பிடித்தாள்.

“அவர் சொன்னது பொய். சீனி போட்டுக் குடுத்தது நான். அப்ப, அந்த விரலை எடுத்தது நான்தானா?”

‘அப்படி அறுதியாகச் சொல்ல முடியாது’ என்பது விஞ்ஞானத்தின் பதில். உண்மையான பதில்தான். அதைக் கேட்டுக்கொண்டு அவள் எப்படி வீட்டுக்குப் போவாள்? டொக்டர் வாயைத் திறந்தார்...

எனக்கு அதற்குமேல் எழுத வரவில்லை. டொக்டரை அவர் உட்கார்ந்திருந்த கதிரையை விட்டு எழுப்பிவிட்டேன். வாசகரே, அந்தக் கதிரையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.