டாக்டரம்மாவின் முழங்கை

ஒத்தீலியாவுக்குக் கதவு திறக்க மறந்துபோய்விட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி வெளியே எடுக்கிற மாட்டு டாக்டர், தன் வீட்டுக் குளியலறைக்கு முன்னால் போய்க் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். காவலர் யாராவது முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு "வரலாம்" என்று சொல்வார்கள் என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது.

"சார்ஜன்ட்டைக் கூப்பிடட்டுமா? உள்ள சோப்பு பதுங்கியிருக்கும்," என்றான் புருஷன் அபுந்தியோ, காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

முன்பென்றால் துண்டைச் சுருட்டி அவன் தலையிலேயே எறிந்திருப்பாள். இப்போது வெறுமனே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எல்லாம் ரூபேலியோ செத்த பிறகு வந்த வினை. சான் தெல்மோ ஊரின் மேயர் தேர்தலுக்கு நின்றவன் அவன். காவல் எதுவும் வேண்டாம் என்றான். ஊர் நடுச் சதுக்கமான பிளாசாவில் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டுவிட்டுப் போனார்கள். அவனைப் புதைத்த கையோடு அவன் அக்கா தெல்ஃபீனா, கறுப்பு உடுப்பைக்கூட மாற்றாமல், நேராக ஒத்தீலியாவின் மாட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஒத்தீலியாவின் மகளை ஞானஸ்நானத்தன்று கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அவள். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவளைவிட ஒருபடி மேலே.

"அவன் இடத்துல நீ நில்லு, கொமாத்ரே. எலுமிச்சை மூட்டைக்கு மூட்டை மாமூல் வாங்குதே அவனைச் சுட்ட கும்பல், நீ நிக்கலைன்னா அவனுங்க ஆளுதான் தனியா நின்னு ஜெயிப்பான்," என்றாள்.

ஒத்தீலியா உடனே சம்மதித்தாள். அந்த வாரமே அரசாங்கம் நான்கு காவலர்களையும் குண்டு துளைக்காத வண்டி ஒன்றையும் அனுப்பிவைத்தது.

தலைமைக் காவலர் சார்ஜன்ட் கசிமீரோ நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. முதல் நாளே பாடம் எடுத்தார். "முகத்தைப் பார்க்காதீங்க, டாக்டரம்மா. முகம் பொய் சொல்லும். கையைப் பாருங்க." அவள் படிப்பில் எப்போதும் கெட்டிக்காரி ஆயிற்றே, அதையும் அளவுக்கு மீறியே படித்துவிட்டாள். ஓட்டுக் கேட்கப் போகிற இடத்தில் எல்லாம் கைகளாகவே தெரிந்தன. எலுமிச்சை முள் கிழித்த கை, மோதிரம் இறுகிய கை, பைக்குள் போய் வெளியே வர நேரமாகிற கை. "என்னைத் தெரியலையா டாக்டரம்மா? என் ஆட்டைப் பொழைக்க வெச்சீங்களே!" என்று ஒருத்தி கேட்டாள். ஒத்தீலியா பல்லைக் காட்டினாள். அந்த முகம் யாருடையது என்று சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. சொந்த ஊரில் அன்னியப்பட்டுப் போவதைப் போல ஒரு கொடுமை உண்டா?

மே மாதம் கோயில் வளாகத்தில் கெர்மேஸ் வந்தது. ஊரே கூடித் தின்று, ஆடி, கலாட்டா செய்கிற ஞாயிற்றுக்கிழமை. கட்சி போகாதே என்றது. சார்ஜன்ட்டும் தலையைச் சொறிந்தார். "என் ஊர்த் திருவிழாவுக்குப் போக எவன்கிட்ட உத்தரவு வாங்கணும்?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கெர்மேஸ் என்றால் முட்டை இல்லாமலா? மாதக்கணக்கில் பெண்கள் முட்டையில் சின்னத் துளை போட்டு உள்ளிருப்பதை ஊற்றிச் சமைத்துவிட்டு, வெறும் முட்டை ஓட்டைக் கழுவிச் சேர்த்து வைப்பார்கள். சாயம் தீட்டி, உள்ளே வண்ணக் காகிதத் துணுக்கை நிரப்பி, வாயை ஒட்டி விடுவார்கள். பிரியப்பட்டவர்களின் பின்னால் பூனை மாதிரி வந்து உச்சந்தலையில் படாரென்று உடைக்க வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் மரியாதை இல்லை. தலையில் காகிதம் ஒட்டாமல் வீடு திரும்புகிறவரை ஊர் ஒதுக்கிவிட்டது என்றே அர்த்தம்.

அன்று அபுந்தியோ தலையில் ஐந்தாறு முட்டை உடைந்தது. பாதிரியாரையும் விடவில்லை. ஒத்தீலியா பக்கம் மட்டும் ஒருவரும் வரவில்லை. முட்டையோடு வருவார்கள், நான்கு துப்பாக்கிகளைப் பார்ப்பார்கள், அப்படியே வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். மாவுப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு, சுத்தமான தலையோடு அவள் நின்றாள்.

அப்போது பின்னால் ஒரு காலடிச் சத்தம். காதோரம் உயர்ந்த ஒரு கை.

அவள் யோசிக்கவே இல்லை. முழங்கை தானாகப் பின்னால் பாய்ந்தது. திரும்பி, இரண்டு கையாலும் முழு பலத்தோடு தள்ளினாள். கன்றுக்குட்டியைக் கீழே சாய்க்கிற கை அது, கேட்க வேண்டுமா? தெல்ஃபீனா கல்தரையில் மல்லாந்து விழுந்தாள். உதட்டில் ரத்தம். ஊன்றிய மணிக்கட்டு ஒரு தினுசாக மடங்கியிருந்தது. சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாகக் காகிதத் துணுக்குகள்.

பாண்டு வாத்தியம் நின்றது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "நம்மளைக் கண்டு பயப்படுறவளா நம்மளைக் காப்பாத்தப் போறா?"

வண்டிக்குள் உட்கார்ந்ததுமே, "நீங்க ஏன் தடுக்கலை? பின்னால வந்ததை நீங்க பார்க்கலையா?" என்று சார்ஜன்ட் மேல் பாய்ந்தாள்.

கசிமீரோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பார்த்தேன். முட்டைன்னு தெரிஞ்சுதான் விட்டேன். அந்தம்மா வாயில விரலை வெச்சு 'உஷ்'ஷுன்னாங்க. நானும் சிரிச்சேன். நீங்க சிரிச்சு எவ்வளவு நாளாச்சு, டாக்டரம்மா."

அந்தச் சொல்லில் அவளுக்கு உள்ளே என்னவோ அறுந்தது. அது வெறும் முட்டை என்று துப்பாக்கி பிடித்தவனுக்குத் தெரிந்தது, தனக்குத் தெரியவில்லையே! வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னால் கோபம் வந்தது, நல்ல கோபம்.

மறுநாள் காலை தலைநகரிலிருந்து கட்சிக்காரர் உகார்த்தே வந்து இறங்கினார். பளபளக்கிற சப்பாத்து, முகத்தில் கல்யாண வீட்டுச் சந்தோஷம்.

"அதிர்ஷ்டம்னா இதுதான்! சாயங்காலம் பிளாசாவுல நிருபர்களைக் கூப்பிட்டிருக்கேன். 'என் மேல தாக்குதல் முயற்சி நடந்துச்சு'ன்னு சொல்லுங்க, போதும். அனுதாப ஓட்டு கொட்டும்."

"தெல்ஃபீனாவை என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டு நாள் விசாரிச்சுட்டு விட்டுடுவாங்க."

"அவ தம்பியைச் சுட்டவனை இன்னும் ஒருத்தரும் விசாரிக்கலை. முட்டை உடைச்சவளை விசாரிக்கணுமாக்கும்?"

"அப்ப என்ன சொல்லுவீங்க? பயத்துல ஒரு பொம்பளையை அடிச்சேன்னா? அப்படிச் சொல்றதா இருந்தா பேரை வாபஸ் வாங்கிடுங்க. கட்சி உங்க பின்னால நிக்காது."

வாபஸ் வாங்கினால் மாமூல்காரர்களின் ஆளுக்குப் போட்டியே கிடையாது. பொய் சொன்னால் கொமாத்ரே கம்பி எண்ணுவாள். ஒத்தீலியா எழுந்தாள். கதவை அவளே திறந்தாள். "சாயங்காலம் பிளாசாவுக்கு வந்துடறேன். இப்ப போயிட்டு வாங்க," என்றாள்.

பிறகு சார்ஜன்ட்டிடம் திரும்பினாள். "தெல்ஃபீனா வீட்டுக்கு நடந்து போறேன். நீங்க தெருமுனையோட நின்னுக்கணும்."

"ஐயோ, என் வேலைக்கு உலை வெக்காதீங்க!"

"துப்பாக்கியோட போய் மன்னிப்புக் கேட்டா அதுக்குப் பேரு மன்னிப்பா, சார்ஜன்ட்?"

அவர் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சட்டையைக் கழட்டக் கூடாது. அதுல மட்டும் பேரம் கிடையாது," என்றார். குண்டு துளைக்காத கனத்த சட்டையோடு வேகிற வெயிலில் அவள் தெருவில் இறங்கினாள்.

அந்தத் தெரு ஒன்றும் நீளமில்லை. ஆனால் பயம், அப்பப்பா! முதுகு முழுக்கக் கண்ணாகிவிட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் கடந்தபோது கால் தானாகச் சுவரோரம் ஒதுங்கியது. வாசலில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தவளின் கைக்கே மறுபடி கண் போனது. "ஏய், மேலே பார்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பிடிவாதமாகத் தலையை நிமிர்த்தினாள். "எலோயிசா, சௌக்கியமா?" என்றாள். எலோயிசாவேதான். பேர் நினைவு வந்ததில் ஒத்தீலியாவுக்கே ஆச்சரியம்.

தெல்ஃபீனா கதவைப் பாதிதான் திறந்தாள். உதடு வீங்கியிருந்தது, கையில் மாவுக்கட்டு.

"உன் பட்டாளம் எங்க?"

"தெருமுனையில."

"அடியே பைத்தியம்! ரூபேலியோவும் இப்படித்தான் வீரம் பேசினான். இன்னொரு சவப்பெட்டி தூக்க என்கிட்ட ஒரு கைதான் பாக்கி இருக்கு, தெரியுமில்ல?"

ஒத்தீலியாவுக்கு அழுகை பொங்கியது. "உன் முகத்தைப் பார்க்கவே இல்ல, கொமாத்ரே. கையைத்தான் பார்த்தேன். உன்னைப் போய்... அவனுங்க என்னைச் சுடவே வேணாம். அதுக்கு முன்னாலயே நான் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கேன்."

தெல்ஃபீனா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். உகார்த்தே சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு, அந்த மனுஷனின் தாயாரைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை சொன்னாள்.

"அப்ப என்ன சொல்லப் போற?"

"நடந்ததை."

"கட்சி கைகழுவிடும்."

"கழுவட்டும். ஓட்டுச் சீட்டுல பேரு அச்சாயிடுச்சு. நானா வாபஸ் வாங்கினாத்தான் போகும். வாங்க மாட்டேன்."

தெல்ஃபீனா எழுந்தாள். அப்புறம் நல்ல சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "காவலை மட்டும் அனுப்பிடாத. அவங்க உயிரைப் பார்த்துக்கட்டும், மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

சாயங்காலம் பிளாசாவில் நல்ல கூட்டம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான், ஓட்டுப் போட அல்ல. உகார்த்தே ஒலிபெருக்கியைப் பணிவோடு நீட்டினார். தெல்ஃபீனாவைப் பக்கத்தில் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னை யாரும் தாக்க வரலை," என்றாள் ஒத்தீலியா. "தாக்கினது நான். என் கொமாத்ரே பிரியமா முட்டை உடைக்க வந்தா. நான் அவ கையை உடைச்சேன். இவளுக்குச் செஞ்சது உங்க எல்லாருக்கும் செஞ்சதுதான். மன்னிச்சுக்கங்க. வாபஸ் வாங்குன்னு கட்சி சொல்லுது. வாங்க மாட்டேன்."

உகார்த்தே கிளம்பிவிட்டார். அவருடைய கார் புறப்படுகிற சத்தம்தான் அங்கே கேட்ட ஒரே சத்தம். ஒருவரும் கைதட்டவில்லை.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு வயதான எலுமிச்சைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"பயமா இருக்கா, டாக்டரம்மா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இருக்கு. ராத்திரி பகல் இருக்கு. இப்பவும் இருக்கு."

"எங்களுக்கும்தான்," என்றார் அவர். "மேல பேசுங்க."