ஒன்பதாம் பீப்பாய்

ஈஸ்டர் சனிக்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல்தான். அடிலெய்டில் கார் வைத்திருக்கும் அத்தனை பேரும் அன்றைக்குப் பரோசா ஒயின் பள்ளத்தாக்குக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். அதே வாரம்தான் திராட்சை அறுவடையின் கடைசி வாரமும். எங்கள் முதலாளி கிளெம் பின்னால் கொட்டகையில் முழங்கை வரை ஊதாச் சாறோடு நிற்பான். முன்னால், ருசி பார்க்க வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் கவுண்டரில் நான் ஒருத்தி. பத்தொன்பது வருஷமாக நான் ஒருத்திதான்.

பதினோரு மணிக்கே ஒரு பஸ் எட்டுப் பெண்களை இறக்கிவிட்டது. அதில் ஒருத்திக்கு அடுத்த வாரம் கல்யாணமாம், அதற்கான கொண்டாட்டம். மணப்பெண் தலையில் பிளாஸ்டிக் கிரீடம். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"ஐஸ் இருக்கா?"

"எதுக்கு கண்ணு?"

"ஒயின்ல போடத்தான்!"

"இது சிவப்பு ஒயின்மா. ஏழு மாசம் பீப்பாய்ல கிடந்து வந்தது. இதுல ஐஸைப் போட்டா எங்க முதலாளி உக்காந்து அழுவான். கிடையாது."

"போன பண்ணையில குடுத்தாங்களே..."

"அப்போ அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதானே?"

வாய்க்குள்தான் சொன்னேன், ஆனாலும் பாதி வெளியே கேட்டுவிட்டது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஊற்றினேன். எட்டுப் பேரும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கு முழுக்கத் திருகு மூடிக்கு மாறிவிட்டது. கிளெம் மட்டும் தக்கைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். அவன் அப்பா தக்கை போட்டாராம், அதனால் இவனும் போடுவானாம். தக்கையில் ஒரு சனியன் உண்டு. நூறில் ஒன்று கெட்டுப்போயிருக்கும், அந்த பாட்டில் ஒயின் முழுக்க ஈர அட்டைப்பெட்டி நாற்றம் ஏறிவிடும். அதனால் எங்களிடம் ஒரு சட்டம். பாட்டிலைத் திறக்கிறவர் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் சாக்பீஸால் தன் பெயரின் முதல் எழுத்தை பாட்டிலில் எழுத வேண்டும். எழுத்து இல்லாத பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது.

என் பெயர் நெரிடா. ஒன்பது மாதமாக நான் போட்ட 'நெ' ஒவ்வொன்றும் பொய்.

போன ஜூலைக் குளிரில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காபி, சோப்பு, கருகின டோஸ்ட், ஒன்றும் தெரியாது. மூக்கில் மிச்சம் இருந்தது கோபம் மட்டும்தான். டாக்டர் பொறுங்கள் என்றார். பொறுத்தேன். கிளெம்மிடம் மட்டும் சொல்லவில்லை. மூக்கு இல்லாதவளுக்கு இந்தக் கவுண்டரில் என்ன வேலை? ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? "பிளம், மிளகு, கொஞ்சம் சாக்லேட்" என்று மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டு ஓட்டினேன்.

எட்டுப் பெண்களும் போன கையோடு கிரெனாஷ் என்கிற எங்கள் சிவப்பு ஒயினில் புது பாட்டில் திறந்தேன். முகர்வதுபோல் பாவனை செய்தேன், எழுத்தைப் போட்டேன். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு மனிதருக்கு ஊற்றினேன். சிட்னிக்காரர். டம்ளரை ஐந்து நிமிஷம் சுழற்றினார். எனக்கோ பின்னால் பத்துப் பேர் வரிசை.

"ஆகா! மழைக்கு அப்புறம் காட்டுத் தரை! ஒரு பழைய நூலகம்! உங்களுக்கும் தெரியுதா?"

"நல்லாவே தெரியுது சார். கொஞ்சம் தள்ளி நின்னு முகர்ந்தீங்கன்னா இன்னும் நல்லாத் தெரியும்."

அவருக்குப் பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தார். அதே பாட்டிலிலிருந்து அவருக்கும் ஊற்றினேன். ஒரு தடவைதான் முகர்ந்தார். குடிக்காமல் டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"இது தக்கை கெட்டது."

"என்னது?"

"ஈர அட்டை நாத்தம் அடிக்குது. நீங்களே பாருங்க."

"பாத்துட்டுத்தான் ஊத்துறேன்! இதோ எழுத்து. பத்தொன்பது வருஷமா நான் பாட்டில் திறக்கிறேன் மேடம். நேத்து வந்தவங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

"சத்தம் எதுக்குங்க? இன்னொரு தடவை முகர்ந்து பாருங்க, அவ்வளவுதான்."

முகர்ந்தேன். வெறும் காற்று. அதை மறைக்க இன்னும் சத்தம் போட்டேன். தொப்பிக்காரரும், "பிரமாதமான ஒயின் அது!" என்று என் கட்சியில் சேர்ந்துகொண்டார். சத்தம் கேட்டுக் கிளெம் கொட்டகையிலிருந்து வந்தான். நேராக டம்ளரை எடுத்தான். மூக்கு விளிம்பைத் தொடுவதற்குள் முகம் சுளித்தது. பாட்டிலைத் திருப்பி என் எழுத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. ஒரு நிமிஷம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"கூட்டத்துல முகர மறந்துட்டியா?"

அவனே வழி காட்டிவிட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு திட்டோடு போயிருக்கும். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. ஐஸ் கேட்டவர்கள்மேல் அல்ல, தொப்பிக்காரர்மேல் அல்ல, என்மேலேயே அலுத்துவிட்டது.

"மறக்கலை கிளெம். எனக்கு வாசனையே தெரியாது. ஜூலைலருந்து."

அவன் காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தான்.

"ஆகஸ்ட்ல பீப்பாய் பாத்தோமே?"

இதற்குத்தான் நான் பயந்தேன். ஒவ்வொரு ஆகஸ்டும் கிரெனாஷ் கலவையில் எந்தப் பீப்பாயை முக்கியமாகச் சேர்ப்பது என்று கடைசி வார்த்தை என்னுடையது. அவன் டம்ளரை நீட்டுவான், நான் முகர்ந்து சொல்வேன். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாள்களின் பஸ்களை எல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

"ஒன்பதுன்னு சொன்னியே நெரிடா."

"வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"நான் எட்டுன்னு நினைச்சேன். நீ சொல்லிட்டியேன்னு விட்டுட்டேன்."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. எழுந்து போய் ஒரு கிரெனாஷைத் திறந்தான், முகர்ந்தான், 'கி' என்று எழுதி என் கையில் கொடுத்தான். கம்பளிச் சட்டை அம்மாள் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். ஊற்றினேன்.

"மன்னிச்சுக்கோங்க. எனக்கு மூக்கு வேலை செய்யாது. எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நிதானமாக முகர்ந்து ஒரு வாய் குடித்தார்.

"ராஸ்பெர்ரி. காஞ்ச புல்லு வாசம் கொஞ்சம். நல்லா இருக்குங்க. ஆனா முடியிற இடத்துல ஏதோ குறையுது."

"எட்டாம் பீப்பாய்தான் குறையுது" என்றான் கிளெம் பின்னாலிருந்து. சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மூன்று பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். தொப்பிக்காரர் புது பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, முதலில் குடித்ததைப் போல் இது இல்லையே, அந்தப் பழைய நூலகம் எங்கே என்று கேட்டார். அவரை முறைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

"அப்போ நான் கிளம்பவா கிளெம்?"

"எங்க கிளம்புற? இந்தக் கூட்டத்துக்கிட்ட யாரு பேசுறது, நானா? திறக்கிறதை நான் திறந்து வெச்சுடுறேன். நீ ஊத்து."

"ஆகஸ்ட்ல?"

சாக்பீஸைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஆகஸ்ட்ல நான் தனியாப் பாத்துக்கிறேன்."

கொட்டகைக் கதவு சாத்திக்கொண்டது. தோட்டத்திலிருந்து பிளாஸ்டிக் கிரீடக்காரி தயங்கித் தயங்கி வந்து காலி டம்ளரைக் கவுண்டரில் வைத்தாள். என்ன திட்டு விழுமோ என்று என் முகத்தைப் பார்த்தாள்.

நான் உள்ளே போய் வெள்ளை ஒயினைக் குளிர வைக்கும் ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"எடுத்துக்கோ கண்ணு" என்றேன். "வேணும்ங்கிற அளவு போட்டுக்கோ."